உங்கள் பேரில் இரண்டு தானம்

அம்மா,

பல்லேபொல பஸ் கண்டக்டர் இன்றைக்கும் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சிங்களப் பேப்பரில் சுற்றி, வாழை நாரால் கட்டியிருந்தது. பிரித்துப் பார்க்க அவசியமே இல்லை. கொறக்கா, மீனுக்குப் போடும் காய்ந்த கறுப்புப் புளி. அந்தப் புகை படிந்த புளிப்பு வாசனை நான் கைப்பையை வைப்பதற்குள் வீடு முழுக்கப் பரவிவிட்டது. மாமாதான் அனுப்பியிருக்கிறார். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. தபால் கந்தோரில் நாள் முழுக்க முத்திரை விற்றுவிட்டு வந்தவளுக்கு மீன் வாங்கிக் கழுவிச் சமைக்க எங்கே தெம்பு? பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் பேசி நாளாயிற்று.

எங்கள் லேனில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு பழப்புளி விட்டுச் சிவப்பாக இருக்கும். நம் வீட்டில் மட்டும் கறுப்பாக, வற்றலாக, சட்டியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். கூடப் படித்த பிள்ளைகள் வந்து சாப்பிட்டால், "ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அப்பா உடனே சொல்வார்: "அது மடத்துச் சமையல். இவங்க அம்மா கன்னியாஸ்திரிகள்கிட்ட வளர்ந்தவங்க." மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை மொழிபெயர்க்கும் அதே குரலில்தான் சொல்வார். கோவில் உபதேசியாரே சொன்னால் யார் மறுத்துக் கேட்பார்கள்? நீங்கள் தலை குனிந்து இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பீர்கள்.

மடத்தில் வளர்ந்த அநாதை. அதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த கதை. உங்கள் பேச்சில் இருந்த இழுப்புக்கும் அதுதான் காரணம், நமக்குத் தாய்வழிச் சொந்தம் ஒருவரும் இல்லாததற்கும் அதுதான் காரணம். சந்தை நாளில் நீங்கள் டவுன் பக்கம் போகவே மாட்டீர்கள். சுற்றுவட்டாரக் கிராமத்துச் சனம் எல்லாம் மிளகும் வெற்றிலையும் விற்க வரும் நாள் அது. "கூட்டம் எனக்கு ஒத்துவராது" என்பீர்கள். திருநாள் பூசைக்கு அதைவிடப் பெரிய கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர் இதை ஏன் சொல்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகள் பெற்றவர்களைப் பற்றி யோசிப்பதில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில் அந்த மத்தியானம். கடைத்தெருப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. அப்பா கோவிலிலிருந்து ஓடி வந்து கதவைத் தாழ் போட்டார். என்னையும் தம்பியையும் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னீர்கள். அப்பாவைப் பின்னால் விறகு அடுக்கிய சாய்ப்புக்குள் தள்ளினீர்கள். எனக்குப் பதினெட்டு வயது. கட்டிலுக்கு அடியில் நீட்டிப் படுக்க முடியாமல் முழங்காலை மடித்துக் கிடந்தேன். தம்பி என் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். அழுகைச் சத்தம் வெளியே வராமலிருக்க நான்தான் அவன் வாய்க்குள் கையை வைத்தேன்.

கதவை உடைக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு நீங்களே போய்த் திறந்தீர்கள். பிறகு ஒரு குரல் கேட்டது. அது உங்கள் குரல்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடையில் உப்புக் கேட்கிற அளவுக்குத்தான் உங்களுக்குச் சிங்களம் வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அன்றைக்கு நீங்கள் பேசியது கிராமத்துச் சிங்களம். தோட்டத்துக்குள் புகுந்த மாட்டைத் திட்டுகிற மாதிரி அந்த ஆட்களைத் திட்டினீர்கள்.

"எந்த வீட்டுப் புள்ளைங்கடா நீங்க? பெத்தவங்க சொல்லித் தரலையா? கம்பியையும் கட்டையையும் தூக்கிக்கிட்டு ஒரு பொம்பளை வீட்டு வாசல்ல நிக்கிறீங்க."

"இது தெமள வீடு, தமிழன் வீடுதானே?" என்றான் ஒருவன். "நீ யாரு?"

பல்லேபொல பக்கம் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியர், வெத மாத்தயா ஒருவரின் பெயரைச் சொன்னீர்கள். "அவரோட சின்ன மகள் நான்" என்றீர்கள்.

பிறகு வேறொருவன் பேசினான், கட்டையான குரல். "பொய் சொல்றே. எனக்கு அந்த ஊரு. வெத மாத்தயாவோட சின்ன மகள் செத்துப் போயாச்சு. லக்கலயில சொந்தக்காரங்க வீட்டுல காய்ச்சல்ல செத்தா. அவ பேர்ல குடுத்த தானத்துல நானே சாப்பிட்டிருக்கேன்."

நீங்கள் ஒரு மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் தயங்கவில்லை.

"அப்ப நீ தின்னது என் பேர்ல போட்ட சோறு. தின்ன சோத்துக்குக் கம்பியோடதான் வருவியா? போ."

போய்விட்டார்கள். அடுத்த லேனில் இரண்டு வீடுகளை எரித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். நம் வீட்டை விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா சாய்ப்பிலிருந்து வெளியே வந்தார். வேட்டியெல்லாம் விறகுத் தூள். உங்கள் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கம்பக்கத்துல யாருக்கும் கேட்டிருக்குமா?" என்பது. அம்மா, அந்தக் கேள்விக்காக நான் அவர் மேல் எத்தனையோ வருடம் கோபமாக இருந்தேன். நீங்கள் ஒரு நாளும் இருக்கவில்லை. "பயத்துல மனுசன் வாய்க்கு வந்ததைக் கேப்பான், விடு" என்றீர்கள். எனக்கு விட முடியவில்லை.

ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த மறுநாள் காலையில் சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டே எங்களுக்குச் சொன்னீர்கள். அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு உங்கள் தகப்பனாரிடம் கட்டுப்போட வந்தது. எண்ணெய்க்கட்டு மாற்ற வாரக்கணக்கில் அங்கேயே தங்கியது. பச்சிலை அரைத்துக் கொடுத்தது நீங்கள். "கை நல்லாயிட்ட பிறகும் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தார் உங்கப்பா" என்று சொல்லும்போது கொஞ்சம் சிரித்தீர்கள். ஓடி வந்த பிறகு கண்டியில் ஒரு மடத்தில் சில மாதம் வைத்து வேதம் படிப்பித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மடத்தில் இருந்தவளை மடத்தில் வளர்ந்தவளாக்கியது அப்பா. சிங்கள மருமகளை அவருடைய ஆட்கள் ஏற்கமாட்டார்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடியவனைக் கோவிலில் உபதேசியாராக வைக்கமாட்டார்கள் என்று பயம். உங்கள் வீட்டாரும் சளைத்தவர்கள் இல்லை. தமிழனோடு போனாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, பஸ் போகாத லக்கலயில் செத்தாள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? சொன்ன பொய்க்கு ஏற்றபடி தானமும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தானம் உங்களுக்கே புதுச் செய்தி.

"நான் செத்தது எனக்கே நேத்துதான் தெரியும்" என்றீர்கள். சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கினீர்கள்.

செய்தி பல்லேபொலைக்குப் போய்விட்டது. ஒரு மாதம் இருக்கும், மாமா வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில் பன்புல்லில் பின்னிய ஒரு பை. கொறக்கா, மிளகு, நாலைந்து பலாக்கொட்டை. கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு உங்களை "நங்கி" என்று கூப்பிட்டார். தங்கச்சி என்று உங்களைக் கூப்பிட உலகத்தில் ஒரு ஆள் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அன்னைக்குத் தண்ணி வார்த்தது நான்தான் நங்கி" என்று சொல்லி அழுதார். பிக்குமாருக்கு அன்னமிட்டு முடிந்ததும், செத்தவரின் இரத்த உறவு ஒருவர் செம்பிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வார்க்க வேண்டும். கிண்ணம் நிரம்பி வழிய வழிய அந்தப் புண்ணியம் செத்தவரைப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்துகொண்டே அவர் வார்த்திருக்கிறார். தகப்பனார் பக்கத்தில் நின்று வார்க்கச் சொன்னாராம்.

நீங்கள் அவர் கையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "அந்தப் புண்ணியம் வீணாப் போகலண்ணே. நேரா என் வாசலுக்குத்தான் வந்துச்சு."

உங்கள் தகப்பனார் முன்பே காலமாகிவிட்டார், உங்கள் அம்மா மட்டும் கண் மங்கிப்போய் இருக்கிறார், உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று மாமா சொன்னார். "ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ." நீங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள். அப்பா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். மாமா போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "போறதுன்னா போ. ஆனா சபையில தெரிஞ்சா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நிக்கிறது?" அதற்குப் பேர் அனுமதியா? நான் அன்றைக்குச் சண்டை போட்டேன். நீங்கள் என்னை அடக்கினீர்கள். "வெசாக் பண்டிகை முடியட்டும், பார்ப்போம்" என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். வெசாக் வருவதற்கு முன் உங்கள் அம்மா போய்விட்டார். அன்றைக்கு நீங்கள் வழக்கம்போலச் சமைத்தீர்கள், எங்களுக்குப் பரிமாறினீர்கள், நீங்கள் மட்டும் சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு மாமா வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் வருகிற நாளில் அப்பா கோவிலில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். ஆனால் போவதற்கு முன் தன்னுடைய கை வைத்த கதிரையைத் துடைத்து முன்னறையில் போட்டுவிட்டுப் போவார். அதை நான் பல வருடம் கவனிக்கவில்லை. நீங்கள்தான் காட்டினீர்கள். எண்பத்தொன்பதில், கிளர்ச்சிக்காரர் என்று சிங்களக் கிராமத்து இளந்தாரிகளை இராணுவம் அள்ளிக்கொண்டு போன அந்தப் பயங்கர நாட்களில் மட்டும் மாமா வரவில்லை. பஸ் ஓடவில்லை, ரோட்டோரம் கிடந்தவற்றைப் பார்க்கப் பயந்து ஒருவரும் வெளியே இறங்கவில்லை. நீங்கள் மாலையில் செபமாலை முடிந்த பிறகும் முழங்காலிலிருந்து எழும்பாமல் இருப்பீர்கள். யாருக்காக என்று அப்பா கேட்டதில்லை. பிறகு அவர் வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது.

ஒரு நாள் நான் கேட்டேன், எனக்குள் வெகுநாள் இருந்த கேள்வி. "நீங்க மனசார மாதாவை நம்புறீங்களா, இல்ல அப்பாவுக்காகவா?" தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். நிறுத்தவில்லை.

"முதல்ல உங்கப்பாவுக்காகத்தான். பொறகு அவர் மேல கோவம் வந்தப்ப சொல்றதுக்கு வேற ஆள் இல்ல. மாதாகிட்டதான் சொன்னேன். தெனம் சொன்னேன். அப்படியே ரெண்டு பேரும் நெருக்கமாயிட்டோம்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். விசுவாசத்தைப் பற்றி இவ்வளவு நேராக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்பா காலமான பிறகு நான் உங்களை விடவில்லை. இனி யாருடைய முகத்தைக் காப்பாற்ற வேண்டும்? பல்லேபொல என்ன சீமையா? பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற தூரம். நான் லீவு போடுகிறேன், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "இப்ப போனா அவர் எப்ப போவார்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு உங்களோடு பேசவில்லை. அந்த மனிதருக்காக நீங்கள் இன்னும் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலும்தான். அப்படி ஒருவரை நேசிப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது களைப்பான வேலை, அம்மா.

இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு மத்தியானம் அதே கை வைத்த கதிரையில் சாய்ந்தபடி போய்விட்டீர்கள். மரண அறிவித்தல் அடிக்க அச்சகத்துக்குப் போனேன். பிறப்பிடம் எது என்று அந்த ஆள் கேட்டார். நம் ஊர் வழக்கம், பிறப்பிடமும் பெற்றோர் பெயரும் போடாமல் அறிவித்தல் இல்லை. தம்பி கொழும்பிலிருந்து போனில், "அக்கா, யுத்தம் நடக்கிற நேரத்துல எதுக்கு இது? மடத்துல வளர்ந்தவங்கன்னே இருக்கட்டும்" என்றான். "பல்லேபொலையைப் பிறப்பிடமாகக் கொண்டவர்" என்று போடச் சொன்னேன். வெத மாத்தயாவின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மாமாவின் பெயரையும் சேர்த்தேன். தாள் நம் லேன் முனையில், கோவில் மதிலில், சந்தைப் பக்கம் மின்கம்பத்தில் எல்லாம் ஒட்டியிருந்தது. சந்தை நாளில் நீங்கள் போகாத இடத்துக்கு உங்கள் பெயர் போனது.

கோவில் பெண்கள் வந்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "மடத்துல வளர்ந்தவங்கன்னு தானே உபதேசியார் சொன்னார்?"

"ஆமா. சொன்னார்" என்றேன். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இதற்காகவா இத்தனை வருடம்?

மாமா அடக்கத்துக்கு வந்தார். பூசை முடியும்வரை கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். போகும்போது என்னிடம் கேட்டார், மூன்றாம் மாதத் தானத்தை ஊரில் கொடுக்கலாமா என்று. "ஒரு தடவை பொய்யாக் குடுத்துட்டேன் மகள். அது என் கையிலேயே நிக்குது." நான் வருகிறேன் என்றேன். ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்வார், பிறகு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

யுத்தம் முடிந்த வாரத்தில் அந்த நாள் வந்து விழுந்தது. வழியெல்லாம் கொடி, பட்டாசு, சந்திக்குச் சந்தி பால்சோறு. பஸ்ஸுக்குள் நீட்டிய பால்சோற்றை நான் வாங்கினேன், சாப்பிடவில்லை, மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டாசுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தானாக மடிந்தது. மாமா குடையோடு சந்தியில் நின்றார். வீட்டைப் பார்த்தேன், அம்மா. எண்ணெய் காய்ச்சும் பெரிய சட்டி இன்னும் முற்றத்து ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. நீங்கள் பச்சிலை அரைத்த கல்லை மாமா காட்டினார். தொட்டுப் பார்த்தேன்.

பிக்குமார் சாப்பிட்டு முடிந்ததும் மாமா செம்பை எடுத்தார். "நீயும் புடி" என்றார். பிடித்தேன். அவர்கள் ஓத, தண்ணீர் கிண்ணத்தில் விழ, நான் வாய்க்குள் மாதாவுக்கான மங்கள வார்த்தை செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிந்தது. மாமா அப்போதும் நிறுத்தவில்லை, செம்பு காலியாகும்வரை வார்த்தார்.

பிறகு ஊராருக்குச் சாப்பாடு. மாமாவின் மருமகள் சோற்றுக் கரண்டியை என் கையில் தந்தாள். ஒவ்வொருவராகத் தட்டோடு வந்தார்கள். ஒரு வயதான மனிதர் என் முன்னால் வந்து நின்றார், ஆனால் தட்டை நீட்டவில்லை. முகம் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் நான் கேட்ட அதே கட்டைக் குரல்.

"நான் அன்னைக்கு உங்க வாசல்ல நின்னவன். உங்கம்மா போன்னு சொன்னாங்க, போயிட்டேன்." தட்டு அவர் நெஞ்சோடு இருந்தது. "அவங்க உசுரோட இருக்கிறப்ப ஒரு தடவை இந்தச் சோத்தைத் தின்னுட்டேன். இன்னைக்குத் தின்னலாமா?"

என்னைக் கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? அடுத்த லேனில் எரிந்த வீடுகள் நினைவுக்கு வந்தன. தம்பியின் பல் பட்ட இடம் கையில் வலித்தது. போ என்று நானும் சொல்லலாம், எனக்கு உரிமை உண்டு. வரிசையில் நின்றவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் கரண்டி, கரண்டியில் சோறு. நான் அவர் தட்டை இழுத்து அதில் போட்டேன். கறுப்பு மீனில் ஒரு துண்டு வைத்தேன். தலை குனிந்து இன்னும் ஒரு கரண்டி சோறும் வைத்தேன்.

"சாப்பிடுங்க. எங்கம்மாவோட சோறு" என்றேன் சிங்களத்தில்.

அவர் பலா மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் மற்றவர்களுக்குப் பரிமாறினேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மாலையில் செபமாலை சொல்லும்போது மன்னிப்பு வருகிற அந்த வரியில் தினமும் நின்றுவிடுகிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகு சொல்கிறேன். அவர் மேலும் அப்பா மேலும் வருகிற கோபத்தைச் சொல்ல இப்போது எனக்கும் வேறு ஆள் இல்லை. மாதாவிடம்தான் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் அவ்வளவு நெருக்கம் வரவில்லை, அம்மா. வரும் என்றுதான் நினைக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்து நாலு துண்டு கொறக்காவை எடுத்துக் கழுவித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். நாளைக்கு மீன் வாங்குகிறேன்.